கார் இல்லாத வீடு

நல்லூர்த் திருவிழாவுக்கென ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த எமது மைத்துனர், வந்த மூன்றாம் நாட் காலையில், தேநீர்க் கோப்பையும் கையுமாக எம் வீட்டு விறாந்தையில் நின்று முற்றத்தை நெடுநேரம் நோக்கினார். முற்றத்துப் பலாமரத்தின் கீழே மூன்று துவிச்சக்கரவண்டிகள் நின்றன. ஒன்று எமது தந்தையார் விட்டுச் சென்ற பச்சை நிற றலி. மற்றொன்று எம் மனைவியாருடையது. மூன்றாவது, எட்டாம் வகுப்பிற் படிக்கும் மகளுடைய புது லுமாலா.

“அத்தான், இருபது வருசமாய்ப் படிப்பிக்கிறியள். இன்னும் இந்தச் சைக்கிளோடைதானே நிக்கிறியள்? ஒரு காரை எடுங்கோவன். பாதிக் காசு நான் தாறன்” என்றார் அவர்.

குசினியிலே திருவலைச் சத்தம் சட்டென நின்றது. எம் மனைவியார் காது கொடுக்கிறார் என்பதற்கு அதனிலும் தெளிவான அறிகுறி வேறில்லை. நாம் உடனே விடை கூறவில்லை. ஆசிரியத் தொழில் எமக்குக் கற்பித்த ஒரு தந்திரம் உண்டு. விடை தெரியாத வினாவுக்கு, “நாளைக்குப் பார்ப்பம்” என்று கூறித் தப்பிக்கொள்வதே அது. மைத்துனரிடம் ஒரு வாரத் தவணை கேட்டோம். அவ்வாரத்தில் எம் மனத்தில் ஓடியவற்றையே ஈண்டு எழுதுகின்றோம்.

முதலில் விலையைப் பற்றி ஒரு வார்த்தை. 2020 மார்ச்சில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியிலேதான். இடைப்பட்ட ஐந்தாண்டுகளில், பழைய கார்களுக்கும் காணி விலை கேட்டார்கள். ஆயினும் விலையை நாம் காரணமாகக் காட்ட விரும்பவில்லை. பாதிப் பணம் தர ஒருவர் முன்வந்தபின், “காசில்லை” என்பது முழு நேர்மையான மறுமொழி ஆகாது.

ஆகவே வேறொரு கணக்கைப் பார்த்தோம். எம் வீட்டார் நால்வரும் அவ்வாரத்தில் எங்கெங்கு சென்றோம் என்பதை ஒரு கொப்பியிற் குறித்து வைத்தோம். கல்லூரிக்கு இரண்டரைக் கட்டை. சந்தைக்கு ஒரு கட்டை. கோயிலுக்கு அதனிலும் குறைவு. யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு மூன்று கட்டைக்கு உட்பட்ட தூரம். நான்கு கட்டைக்கு அப்பாற் சென்ற பயணம் ஒன்றே ஒன்று. பருத்தித்துறையில் ஒரு கலியாண வீடு. அதற்குப் பேருந்து இருந்தது. ஆயிரம் கிலோவுக்குக் குறையாத இரும்பை வாங்கி, எண்ணெய் ஊற்றி, அறுபது கிலோ எடையுள்ள ஓர் ஆசிரியரையும் அரைக் கிலோ கத்தரிக்காயையும் ஒரு கட்டை தூரம் ஏற்றி இறக்குவதற்காகவா கார் என்ற ஐயம் அந்தக் கொப்பியைப் பார்த்தபோதே எமக்கு எழுந்துவிட்டது.

மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு செய்தி இங்கே உண்டு. 1973 ஆம் ஆண்டில் ‘சயன்ரிபிக் அமெரிக்கன்’ சஞ்சிகையில் எஸ். எஸ். வில்சன் என்னும் ஒக்ஸ்போட் பொறியியல் விரிவுரையாளர் ஒரு கட்டுரை எழுதினார். ஓடும் விலங்கு, பறக்கும் பறவை, மனிதன் செய்த பொறி ஆகியவற்றுள் எது தன் எடையைக் குறைந்த சக்தியுடன் கொண்டு செல்கிறது என்று அவர் ஒப்பிட்டார். நடக்கும் மனிதன் அப்பட்டியலிற் பெருமைப்படத்தக்க இடத்தில் இல்லை. அதே மனிதனைத் துவிச்சக்கரவண்டியில் ஏற்றியதும், குதிரை முதலியவற்றையெல்லாம் பின்தள்ளி அவன் முதலிடத்துக்கு வந்துவிடுகிறான். நடப்பதற்குச் செலவாகும் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே அதே தூரத்தை உழக்கிக் கடக்கப் போதுமானது; வேகமோ மூன்று நான்கு மடங்கு. காலையில் உண்ட இரண்டு துண்டு பிட்டுக்கு இத்தனை வலுவா என்று எம் வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான். ஆம், அத்தனை வலுவேதான்.

அதிலும் நமது குடாநாடு இந்த வண்டிக்கென்றே பரப்பி வைத்தது போன்ற நிலம். மலையில்லை, சுண்ணக்கல்லின் மேல் விரிந்த தட்டைத் தரை. கண்டியில் வாழும் எம் நண்பர் ஒருவர் துவிச்சக்கரவண்டியை வெறுப்பதை நாம் குறை கூறோம். அவர் ஏறவேண்டிய ஏற்றங்களை நாம் ஏறவேண்டியதில்லை. நமக்குள்ள எதிரி காற்று ஒன்றே. சோளகம் வீசும் மாதங்களில், பண்ணைத் தாம்போதி வழியாகத் தீவகத்துக்குத் திரும்பும் ஆசிரியர்களைக் கேட்டுப் பாருங்கள். இருபுறமும் கடல், மறைப்புக்கு ஒரு பனையும் இல்லை. காலையில் முதுகிற் கைவைத்துத் தள்ளிவிட்ட அதே காற்று, மாலையில் நெஞ்சிற் கைவைத்து மறிக்கும். எம்மோடு கற்பிக்கும் வேலணை ஆசிரியர் ஒருவர், அந்த மாதங்களில் தாம் வீட்டுக்குப் போவதில்லை, வீட்டை நோக்கிப் போராடுகிறார் என்பார்.

எமது தந்தையாரும் ஆசிரியரே. பச்சை றலியை அவர் 1968 இல் வாங்கினார். வாங்கிய நாள் முதல், ஞாயிறு காலை அவருக்கு இரண்டு பூசைகள். ஒன்று சுவாமியறையில், மற்றது முற்றத்தில். சாக்கை விரித்து வண்டியைக் கவிழ்த்து வைப்பார். சங்கிலியை மண்ணெண்ணெயிற் கழுவித் துணியால் ஒற்றி, தையல் இயந்திர எண்ணெயைத் துளி துளியாக விடுவார். பிறேக் கட்டைகளை நகத்தாற் சுரண்டிப் பார்ப்பார். சில்லைச் சுழற்றிவிட்டு ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அது நேராக ஓடுகிறதா, கோணி ஓடுகிறதா என்று பார்ப்பார். கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டி, ஓசை மட்டமாகக் கேட்டதை இறுக்குவார். சங்கீதம் அறியாத அவருக்கு அந்தச் சுருதி மட்டும் தவறியதில்லை.

ரியூபில் ஓட்டை விழுந்தால் கடைக்குப் போவது அவருக்கு மானக்குறைவு. தண்ணீர்ச் சட்டியில் ரியூபை அமிழ்த்திக் குமிழி வருமிடத்தைக் கண்டுபிடிப்பது எமது வேலை. அரத்தாள் தேய்த்துப் பசை பூசி, அது காயும்வரை பொறுத்திருந்து ஒட்டுவது அவருடையது. “காயாமல் ஒட்டினால் நிக்காது, தம்பி” என்பார். பொறுமையற்ற எமக்கு அந்த இரண்டு நிமிடங்கள் ஒரு யுகம். 1888 இல் பெல்பாஸ்ற் நகரத்து மிருக வைத்தியரான டன்லப், தம் மகனின் சிறு முச்சக்கரவண்டி குலுங்காமல் ஓடவேண்டுமென்று காற்றடைத்த ரயரைச் செய்து உரிமம் பெற்றதையும், அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே பிரேசில் இறப்பர்க் கன்றுகள் கியூ பூங்கா வழியாக வந்து நம் நாட்டு ஹெனரத்கொடையில் நடப்பட்டதையும் அந்தக் காத்திருப்பிலேதான் நாம் கேட்டறிந்தோம். பின்னாளில் நாம் வரலாறு கற்பிக்க வந்தது அந்தச் சட்டித் தண்ணீருக்கருகே தொடங்கியதென்றே எண்ணுகின்றோம்.

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபோது எமக்கு வயது பத்து. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், பற்றரி முதலியவை தடைசெய்யப்பட்டன. கார் வைத்திருந்தோர் சிலர், சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை எழுப்பி, பின்பு மண்ணெண்ணெயில் ஓடினர். அந்தக் கரும்புகையின் மணத்தை அக்காலத்தில் வாழ்ந்த எவரும் மறவார். ஏனையோருக்குத் துவிச்சக்கரவண்டியே பேருந்து, பார வண்டி, நோயாளர் வண்டி யாவும். கலியாணத்துக்கு மாப்பிள்ளை அதிற் சென்றார். விறகும் நெல்மூடையும் அதிற் சென்றன. இரவானதும் அதுவே எம் வீட்டு மின்னிலையம் ஆயிற்று. தந்தையார் வண்டியைக் கவிழ்த்து வைப்பார். அண்ணனும் நாமும் முறைவைத்துக் கையால் மிதிகட்டையைச் சுழற்றுவோம். டைனமோவிலிருந்து சென்ற இரண்டு கம்பிகள் வானொலியை உயிர்ப்பிக்கும். பீ.பீ.சி. தமிழோசைக்காக அயலார் பத்துப் பன்னிரண்டு பேர் விறாந்தையிற் கூடுவர். செய்தி முக்கியமான கட்டத்தை அடையும்போது, கேட்கும் ஆவலில் எம் கை தளரும். செய்தியும் தளர்ந்து மௌனமாகும். “சுத்தடா, சுத்தடா!” என்று பன்னிரண்டு குரல்கள் எழும். அக்காலத்தில் நாம் பெற்ற ஏச்சுகளுட் பெரும்பாலானவை அரசியற் காரணம் கொண்டவை என்று சொன்னால் மிகையில்லை.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதியை நாம் அவ்வளவு எளிதாக எழுதிவிட முடியாது. அன்று மாலை, வலிகாமத்து மக்கள் அனைவரும் உடனே வெளியேற வேண்டுமென்று ஒலிபெருக்கிகள் அறிவித்தன. எமது அம்மம்மாவுக்கு அப்போது எழுபத்தெட்டு வயது, நடக்க இயலாதவர். தந்தையார் கரியரில் ஒரு தலையணையைக் கட்டி, அதன்மேல் அவரை இருத்தி, இடுப்பைச் சேலையொன்றால் ஆசனத்தோடு பிணைத்தார். ஒருபுறம் அரிசிச் சாக்கு, மறுபுறம் உடுப்புப் பை. தந்தையார் கைபிடியைப் பிடித்தார். பதினைந்து வயதினரான நாம் பின்னாலிருந்து தள்ளினோம். அண்ணன் தம் வண்டியிற் பாத்திரங்களையும் பாயையும் கட்டிக்கொண்டு வந்தார்.

கொக்குவிலிலிருந்து சாவகச்சேரிக்குப் பத்துப் பதினொரு கட்டை இருக்கும். உழக்கினால் ஒன்றரை மணி நேரம். அன்றிரவோ ஏறி உழக்க இடமேயில்லை. செம்மணி வெளியிலும் நாவற்குழிப் பாலத்திலும் மனிதர் மேல் மனிதராக இலட்சக்கணக்கானோர். ஒரு அடி வைப்போம், நிற்போம், மீண்டும் ஒரு அடி. மழை பெய்தது. முன்னே ஒரு குழந்தை தண்ணீர் கேட்டு அழுதபோது, அதன் தாய் மழைக்குக் குடையை மலர்த்திப் பிடித்து, அதில் விழுந்த நீரைப் பருக்கினார். அம்மம்மா இரவு முழுவதும் ஒன்றும் பேசவில்லை. பாலத்தின் நடுவில் மட்டும், “தம்பி, என்னை இறக்கி விட்டிட்டு நீங்கள் போங்கோ, சைக்கிளெண்டாலும் மிஞ்சும்” என்றார். தந்தையார் அதற்கு மறுமொழி கூறவில்லை. கைபிடியை விடவுமில்லை. மறுநாள் நண்பகலில், கைதடியைத் தாண்டி ஒரு பாடசாலை விறாந்தையில் அவரை இறக்கினோம். றலியின் பின் ரயர் தேய்ந்து நூல் தெரிந்தது; காற்று மட்டும் இறங்கவில்லை. அந்த வண்டியை ஏன் இன்னும் விற்கவில்லை என்று கேட்பவர்களுக்கு நாம் பொதுவாக, “நல்ல இரும்பு” என்றே சொல்லி வைப்பது.

மைத்துனர் இவற்றுள் ஒன்றையும் அறியாதவரல்லர். அவரும் அப்பாலத்தைக் கடந்தவரே. “அது அந்தக் காலம், அத்தான்” என்றார். அந்தக் காலம் மீண்டும் வாராதென்று யார் எழுதிக் கொடுத்தார்? 2021 டிசம்பரில் 177 ரூபாவுக்கு விற்ற ஒரு லீற்றர் பெற்றோல், 2022 ஜூன் இறுதியில் 470 ரூபாவாயிற்று. அவ்விலைக்கும் கிடைக்கவில்லை. ஜூன் 27 ஆம் திகதி, அத்தியாவசிய சேவைகளுக்கன்றி எரிபொருள் விநியோகமில்லையென அரசாங்கம் அறிவித்தது. எமது சகஆசிரியர் ஒருவர் தம் காரை வரிசையில் விட்டுவிட்டு, அதற்குக் காவலாக மகனையும் விட்டுவிட்டு, எம் மனைவியாரின் துவிச்சக்கரவண்டியை இரவல் வாங்கி உயர்தர வகுப்பு மாணவருக்குப் பாடம் சொல்ல வந்தார். இருபது வருடங்களாக உழக்காதவர். முதல் நாள் மதவடியில் விழுந்தார். மூன்றாம் நாள் ஒரு கையை விட்டு ஓடினார்! சந்தியிற் சைக்கிள் திருத்துபவருக்கு அம்மாதங்களில் உண்ண நேரமில்லை. யூலையில் கியூஆர் அட்டை வந்தது; 2023 செப்ரெம்பரில் அதுவும் நீங்கியது. வண்டி எம்மிடம் திரும்பி வந்தது. மணி மட்டும் புதியதாக இருந்தது.

இவ்வளவும் எமது கட்சி. மறுகட்சியை மறைத்தால் நாம் ஆசிரியரல்லோம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், மார்கழி மழை இரவொன்றில் எமது அன்னையார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மணி ஒன்று. அந்நேரத்தில் முற்றத்து மூன்று வண்டிகளும் வெறும் இரும்புத் துண்டுகளே. நாம் மழையில் நனைந்தபடி முச்சக்கரவண்டி தேடி ஒழுங்கைக்கு ஓடினோம். ஒரு வீட்டிற் படலை பூட்டியிருந்தது. மற்ற வீட்டில் ஆளில்லை. எமக்குத் தோன்றாத ஒன்று மகளுக்குத் தோன்றியது. அவள் 1990 என்னும் இலக்கத்தை அழைத்துவிட்டாள். அது கட்டணமின்றி வரும் அவசர நோயாளர் வண்டிச் சேவையின் இலக்கம். எரிபொருள் நின்றுபோன அதே ஆண்டின் எண் அது என்பதை நாம் பின்னரே எண்ணி வியந்தோம். வண்டி வந்தது. அன்னையார் பிழைத்தார். இப்போது முருக்கங்காய் நன்றாக முற்றிவிட்டதென்று எம்மைக் குறைகூறும் அளவுக்கு நலமாயிருக்கிறார். ஆயினும் அன்று விடியற்காலை, வைத்தியசாலை வாங்கில் இருந்தபடி எம் மனைவியார், “அது வராமல் விட்டிருந்தால்?” என்று கேட்டார். நாம் விடை சொல்லவில்லை. இன்றும் எம்மிடம் விடை இல்லை. இரவில் வரச் சம்மதித்த இரு முச்சக்கரவண்டிக்காரரின் தொலைபேசி இலக்கங்களைக் குசினிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறோம். அது ஓர் ஏற்பாடு, விடையன்று.

இன்னொன்று இதனிலும் கடினமானது. போருக்குப் பின் நமது வீதிகள் அகன்று மெழுகிவிட்டாற்போல ஆகிவிட்டன. அகன்ற வீதி வேகத்தை அழைத்தது. காங்கேசன்துறை வீதியில் மாலை ஐந்து மணிக்கு மினிபஸ்களும் மோட்டார்ச் சைக்கிள்களும் ஒன்றையொன்று முந்தும் வண்ணத்தைக் கண்டால், எமது பிள்ளைப்பருவத்து வெறும் வீதி ஒரு கனவு போலாகும். அவ்வீதியிலேதான் மகள் கணித வகுப்புக்குச் செல்லவேண்டும். துவிச்சக்கரவண்டியைப் பற்றி நாம் மேடையிற் பேசலாம், பத்திரிகையில் எழுதலாம். எமது கொள்கையைச் சில்லிற் சுமந்துகொண்டு அந்த மினிபஸ்ஸுக்கு அருகிற் செல்பவள் பதின்மூன்று வயதுச் சிறுமி. காரை மறுப்பதற்கு எமக்கு உரிமை உண்டு. அவள் உயிரைப் பணயம் வைக்க உரிமை உண்டா?

இக்கேள்வி அவ்வாரத்தில் இரண்டு இரவுகள் எம்மைத் தூங்கவிடவில்லை. மூன்றாம் நாள் மாலை, மகளுக்குத் தெரியாமல் நூறு முழம் பின்னே றலியில் தொடர்ந்து சென்றோம். கண்டவை சில. பிரதான வீதியில் அவள் செல்லவேண்டியிருந்தது அரைக் கட்டைக்குட்பட்ட தூரம் மட்டுமே. எஞ்சியது ஒழுங்கைகளால் இணைக்கக்கூடியது. ஆபத்து வழி முழுவதிலும் பரந்திருக்கவில்லை. அவள் வலப்புறம் திரும்பும் ஒரு சந்தியிலே திரண்டு நின்றது. அவளும் தோழியும் பக்கத்துக்குப் பக்கமாகப் பேசிக்கொண்டு ஓடினர். அவள் வண்டியில் விளக்கு இல்லை. எரியாமல் இருந்ததன்று, வாங்கியபோதே இல்லை. மூன்று மாதமாக அதைக் கவனியாத தந்தை யாரென்று கேட்க வேண்டாம்.

மறுநாளே முன்விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் பூட்டினோம். அந்தச் சந்தியில் வலப்புறம் வெட்டாமல், இடது ஓரத்தில் இறங்கி நின்று, இருபுறமும் பார்த்து, வண்டியை உருட்டிக்கொண்டு கடக்க வேண்டுமென்று கூறினோம். “அப்பா, உருட்டினா எல்லாரும் சிரிப்பினம்” என்றாள். “சிரிக்கட்டும்” என்றோம். ஒழுங்கை வழியை இருவருமாக மூன்று முறை ஓடிப் பார்த்தோம். வழியில் உள்ள நாய்களின் பட்டியலையும் அவள் தயாரித்தாள். இரண்டு பொல்லாதவை, ஒன்று குரைப்பதோடு சரி.

மைத்துனர் புறப்படுவதற்கு முந்திய நாள் தவணை முடிந்தது. அன்று அதிகாலை அவர் எம்மைக் கேளாமலே றலியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பத்து மணியாகியும் திரும்பவில்லை. கடைசியில், வியர்வையில் நனைந்த சேட்டுடன், வண்டியை உருட்டிக்கொண்டு படலையைத் திறந்தார். பின் சில்லிற் காற்றில்லை. மானிப்பாய் வரை போனாராம். கூடப்படித்த இருவரை வழியிற் கண்டாராம். காரில் வந்திருந்தால் அவர்கள் தம்மை அடையாளங் கண்டிருக்க மாட்டார்கள் என்றார்.

“அப்ப, கார்?” என்று கேட்டோம்.

அவர் விடை சொல்லுமுன், திருவலையை நிறுத்திவிட்டு வெளியே வந்த எம் மனைவியார், “காரை அடுத்த முறை பாப்பம். அம்மாவைக் கிளினிக்குக்குக் கொண்டுபோற ஓட்டோக் காசை மாசாமாசம் நீ குடு, தம்பி. அவர் கேக்கமாட்டார்” என்றார். மைத்துனர் தலையாட்டினார். எமக்குச் சிறிது வெட்கமாகவே இருந்தது. மறுக்கவில்லை.

நாம் தண்ணீர்ச் சட்டியை எடுத்து வந்தோம். மைத்துனர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ரியூபை அமிழ்த்தினார். மகள் தன் வண்டியை எடுத்துப் படலைவரை சென்று, திரும்பி நின்று, “அப்பா, இண்டைக்குப் பின்னாலை வரவேண்டாம். போன கிழமையும் கண்டனான்” என்று சொல்லிவிட்டு ஒழுங்கைக்குள் ஏறி உழக்கினாள்.